நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
அம்மாவுக்கு லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்தது. சீட்டில் வின்கிரிஸ்டின் என்று இருக்கிறது. அது நித்தியகல்யாணியில் இருந்துதான் வருகிறதாம். எங்கள் மாடிப்படி ஓரம், உடைந்த பக்கெட்டில் அதே செடி பூத்துக் கிடக்கிறது. எதிர்வீட்டு அக்கா இலையைக் கொதிக்க வைத்துக் கொடு என்கிறார். கொடுக்கலாமா?

பதில் (ராயபுரம், மருந்துக்கடையில் வேலை):
தயவுசெய்து வேண்டாம். செடி அதுவேதான். ஆனால் அந்தச் செடியில் 70க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் (செடி தானே உண்டாக்கும் வேதிப்பொருட்கள்) இருக்கின்றன, வின்கிரிஸ்டின் அதில் மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள், அதுவும் ரத்தக்குழாய் வழியாக மட்டும். செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழல்களை அந்த மருந்து உருவாக விடாது. அதே குழல்கள் நரம்புக்கும் வேண்டும். அதனால் விரல் மரத்துப்போகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் (காசிமேடு):
என் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது இதே ஊசிதான். காலில் செருப்பு நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. சொன்னதும் டாக்டர் அளவைக் குறைத்தார். இப்போது பத்தாவது படிக்கிறான் தம்பி.

கேட்டவர்:
நேற்று அம்மா பூ கட்டும்போது நார் கையில் நிற்கவே இல்லை. களைப்பு என்று நினைத்துவிட்டேன். சரி, காலையிலேயே டாக்டரிடம் சொல்கிறேன்.