உதவி: தேசிய முகாமுக்குப் போய் வாற பொடியன்ட ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) திரும்பத் திரும்பப் பிடிக்குது

உப்புவெளி_பெக்:
அவசரம். எங்கட கால்பந்துக் கழகப் பொடியன் ஒருத்தன் இலங்கை அணி முகாமுக்குப் போய் வாறவன். ஹாம்ஸ்ட்ரிங் மூன்றாந்தரமும் இழுத்துட்டுது. எக்செல்ல எல்லாருக்கும் காயக் கணக்கு வைச்சிருக்கிறன், அதில இவன் 'சுகம்' எண்டு நிக்குது. எங்க பிழை? அடுத்த கிழமை திரும்ப முகாம்.

கிண்ணியா_வலது:
எந்தக் கால் தம்பி? மூண்டும் ஒரே இடமா? ஒவ்வொண்டுக்கும் இடையில எத்தனை நாள்?

மணல்பந்து:
காரணம் மைதானம்தான். திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில வெயில் காலம் விளையாடிப் பாருங்க, நிலம் சிமெந்து மாதிரி. பொடியனைக் கடற்கரை மணல்ல ஓடவிடுங்க, தானா இறுகும்.

பழைய_கோச்:
இந்தக் கேள்விக்கு இஞ்ச எத்தனை தரம் பதில் எழுதிட்டன், ஒருத்தரும் தேடி வாசிக்கிறேல்ல. 'சுகம்' எண்டு ஆர் எழுதினது? நோகேல்ல எண்டு பொடியன் சொன்னா அது சுகமில்லை. 2006ல உலக அளவில ஒத்துக்கொண்ட வரையறை இருக்கு: முழுப் பயிற்சிக்குத் திரும்பும்வரை போன நாளைத்தான் எண்ணவேணும். 8 முதல் 28 நாள் எண்டா நடுத்தரம், 28க்கு மேல கடுமை. திரும்பி வந்து ரெண்டு மாதத்துக்குள்ள அதே இடம் பிடிச்சா அது ஆரம்பகால மீள்காயம். அதுக்குத் தனி நிரல் இல்லாட்டி உங்கட எக்செல் வெறும் வரவுப் பட்டியல்.

கிண்ணியா_வலது:
கோச், தம்பி உதவி கேக்கிறான், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. தம்பி, விளையாடின மணித்தியாலம் எழுதுறீங்களா? ஆயிரம் மணிக்கு எத்தனை காயம் எண்டுதான் கணக்கு.

பிசியோ_அக்கா:
மணல்பந்து, இப்ப மணல்ல ஓடவிடாதீங்க. புதுக் கிழிசலோட மணல்ல கால் புதைஞ்சா பின்தொடை இன்னும் இழுபடும். ஐரோப்பாவின்ட பெரிய கழகங்களில 2001 தொடங்கி எழுதிவந்த பதிவில, மொத்தக் காயத்தில ஹாம்ஸ்ட்ரிங்கின்ட பங்கு 12 வீதத்தில இருந்து 24 வீதமாக் கூடியிருக்கு. அவ்வளவு நல்ல புல்லில விளையாடியும். அதால மைதானத்தை மட்டும் குறை சொல்லேலாது.
தம்பி, ரெண்டு காலின்ட பலத்தையும் ஒப்பிட்டுப் பாத்தீங்களா? முழு வேகத்தில ஓடவிட்டுத்தானே திருப்பி இறக்கினீங்க?

மணல்பந்து:
எங்கட அப்பப்பா எண்ணெய் போட்டு உருவி எத்தனை பேரை எழுப்பினவர் தெரியுமா?

பிசியோ_அக்கா:
அப்பப்பாவை மதிக்கிறன். முதல் ரெண்டு மூண்டு நாள் மட்டும் உருவ வேண்டாம், உள்ள ரத்தக் கசிவு கூடும்.

பழைய_கோச்:
எண்ணெய்க்கு வேற இழை திறவுங்க.

மணல்பந்து:
மைதானத்தைப் பற்றி ஆரும் பதில் சொல்லேல்ல.

உப்புவெளி_பெக்:
மன்னிக்கவும், வலையில நிண்டனான். வலது கால், மூண்டும் ஒரே இடம். ரெண்டாந்தரம் 9 நாளில இறக்கிட்டம், லீக் அரையிறுதி. ஓடவிட்டுப் பாக்கேல்ல. முகாமில எவ்வளவு ஓடினவன் எண்டு எங்களிட்ட ஒண்டுமில்லை. இஞ்ச நடந்தது அவைக்கும் தெரியாது.

பிசியோ_அக்கா:
இதுதான் ஓட்டை. முகாமுக்குப் போனாலும் கழகத்துக்கு வந்தாலும் ஒரே தாள் அவனோட போகவேணும். ஒவ்வொரு பயிற்சி முடிஞ்சு அரை மணியில கேளுங்க, எவ்வளவு கஷ்டம், 10க்கு எத்தனை? அதை நிமிசத்தால பெருக்குங்க. 90 நிமிசம், 7 எண்டா 630. ஒரு கிழமை திடீரெண்டு எகிறினா கவனம். குணமானபிறகு நோர்டிக் பயிற்சி, அதாவது முழங்காலில நிண்டு, கணுக்காலை ஒருத்தர் பிடிக்க, மெதுவா முன்னுக்குச் சாயிறது. ஒழுங்காச் செய்த அணிகளில ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறத்தாழப் பாதியாக் குறைஞ்சிருக்கு.

கிண்ணியா_வலது:
தாளை ஆர் வைச்சிருக்கிறது? முகாம் ஆள் மாறினா?

பழைய_கோச்:
பொடியன். அவன்ட கால்.

உப்புவெளி_பெக்:
முகாம் பிசியோவோட கதைச்சாச்சு. இந்தமுறை போகேல்ல. தாள் தொடங்கிட்டம், நன்றி அக்கா.