ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட நாள்: உங்கள் அனுபவம் என்ன?

தறிக்காரர் மகன்:
2014-இல் என் தந்தையைச் சர்க்கரை நோய்க்கான ஒரு புதிய மாத்திரையின் ஆய்வில் சேர்த்தார்கள். ஒப்புதல் பெறுவதைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒருங்கிணைப்பாளர் கேமராவின் முன் தகவல் தாளைப் பொறுமையாகவே வாசித்தார். அவர்மீது எனக்குக் குறையில்லை. வழக்கமான மருந்தோடு சிலருக்குப் புதிய மாத்திரையும் சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரையும் தரப்படும் என்ற இடத்தில், "ஐயா, புரிந்ததா?" என்று கேட்டார். அப்பா தாளையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. கதவோரம் நின்றிருந்த டாக்டரைப் பார்த்து, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். தறியை விற்ற வருடத்தில் எங்களிடம் ஃபீஸ் வாங்காமல் வைத்தியம் பார்த்தவர் அந்த டாக்டர். திரும்பும் பேருந்தில், "சும்மா மாத்திரையை எனக்குத் தரமாட்டாரு, அவரு நம்ம ஆளு" என்றார் அப்பா. யாருக்கு எது போகிறது என்பது டாக்டருக்கே தெரியாது என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முன்னாள் ஒருங்கிணைப்பாளர்:
குறையில்லை என்று எழுதிவிட்டு, குறையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். வாசித்துக் காட்டுவது மட்டுமே எங்கள் கையில் இருக்கிறது; டாக்டர்மேல் உள்ள நம்பிக்கையைப் படிவத்தால் பிரித்தெடுக்க முடியாது. அந்தக் காணொளி விதியும் 2015-இல் தளர்ந்து, புதிய மூலக்கூறு மருந்துகளின் ஆய்வில் எளிதில் வற்புறுத்தப்படக்கூடியவர்கள் சேரும்போது மட்டும் என்றாகிவிட்டது. எனக்கு மறக்காதது வேறு. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவுக்காக, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரைச் சாட்சியாக உட்காரவைத்து வாசித்தேன். "வேண்டாம்னா இனிமே இங்க பார்க்கமாட்டீங்களா?" என்று கேட்டார். மறுத்தாலும் சிகிச்சை தொடரும் என்ற வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போனவர், சாதாரண சிகிச்சைக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

வழக்குரைஞர், மதுரை:
என் தாயாரின் அறுவை சிகிச்சைத் தாள்களுக்கு நடுவே, எடுத்த கட்டியின் மீதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளும் தாளும் இருந்தது. ஸ்ட்ரெச்சர் நகரும்போது கையெழுத்திட்டேன். அவ்வளவுதான். இனி இதைப் படிப்பவர்களுக்கு: அன்றே கையெழுத்திடாதீர்கள், தாளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, கையெழுத்தான படிவத்தின் பிரதியை உங்களிடமோ உடன் வந்தவரிடமோ தந்தாக வேண்டும். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவரும் அதில் கட்டாயம். அந்தக் கமிட்டியின் தொலைபேசி எண் தாளிலேயே இருக்கும், அழைத்துக் கேளுங்கள். 2009 முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வும் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பதால், பதிவு எண்ணையும் கேளுங்கள்.

தறிக்காரர் மகன்:
வழக்குரைஞர் ஐயாவுக்கு நன்றி, ஆனால் நான் சட்டம் கேட்கவில்லை. பிரதி எங்களுக்கும் தந்தார்கள். ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் அம்மையார் சொன்னது சரிதான், நான் குறைதான் சொன்னேன். அது என்மேல் உள்ள குறை. மாத்திரை டப்பா தீரும்போதெல்லாம், டாக்டர் தனக்கென்று எடுத்துவைத்த நல்ல மருந்து என்று அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்தபின், அவருக்குக் கிடைத்தது எது என்று டாக்டரிடம் கேட்கலாமா என்றேன். "கேட்டா சந்தேகப்படற மாதிரி ஆயிடும்" என்று தடுத்துவிட்டார்.