புதுப்பிப்பு: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஒன்றரை வயது மகன்

மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

முதலில் காது பரிசோதனை. கேட்கும் திறனில் குறையில்லை. அப்புறம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பெற்றோரிடம் கேட்டறியும் எம்-சாட் கேள்வித்தாள், பிறகு முழு மதிப்பீடு. ஆட்டிசம்தான். முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னபடியே முன்னதாகத் தொடங்கியிருந்தோம்.

அதிகம் உதவியது, "அவன் பார்ப்பதைப் பற்றியே பேசுங்கள்" என்ற யோசனை. 'இங்கே பார்' என்று இழுப்பதில்லை. சக்கரத்தைச் சுழற்றினால் "சக்கரம் சுத்துது" என்று சொல்லிவிட்டு, அவன் ஏதாவது செய்யும்வரை பொறுத்திருப்போம். இந்தப் பொறுமைதான் கஷ்டம்.

எதிர்பாராதது: சொல்லுக்கு முன்னால் சுட்டுவிரலால் காட்டுவது வந்தது. இப்போது சில சொற்களும் உண்டு, பெரும்பாலும் நாங்கள் சொன்னதன் எதிரொலி. அதுவும் மொழி கற்கும் ஒரு வழிதான், தடுக்காதீர்கள் என்றார் பயிற்சியாளர். பெயருக்கு இன்னும் எப்போதாவதுதான் திரும்புகிறான்.