வண்டிச் சாவியை உருவ எந்தச் சட்டம் சொல்கிறது?

மலைக்கோட்டை: "ஒழுங்கா ஹெல்மெட் போட்டு ஓட்டுறவன் போலீசைக் கண்டு ஏன் பயப்படணும்?" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் ஹெல்மெட்டோடுதான் போகிறேன், பயந்துகொண்டேதான் போகிறேன். செக்கிங்கில் நிற்பவர் லைசென்ஸ் கேட்பதற்கு முன்னால் கை சாவிக்குப் போய்விடுகிறது. அதை உருவ யார் அதிகாரம் கொடுத்தது?

ஏட்டு மகன்: எழுதியது நான்தான். மோட்டார் வாகனச் சட்டம் 207, வண்டியையே பிடித்து வைக்கலாம். வண்டியைப் பிடிக்கலாம், சாவியைத் தொடக்கூடாதா? விட்டுவைத்தால் முறுக்கிக்கொண்டு பறந்துவிடுகிறான். எங்கப்பா காலமெல்லாம் வெயிலில் நின்ற மனுஷன். ஏசி ரூமில் இருந்து பேசாதீர்கள்.

மலைக்கோட்டை: உங்கப்பாவை யாரும் இழுக்கவில்லை. 207ஐ முழுசாகப் படியுங்கள். லைசென்ஸ் இல்லை, வயசு வரவில்லை, பதிவு இல்லை, பெர்மிட் இல்லை என்றால்தான் வண்டியைப் பிடிக்கலாம். ஹெல்மெட் அதில் எங்கே இருக்கிறது? அதற்கு 194டி, 1,000 ரூபாய். ரசீது போடுங்கள், கட்டுகிறேன். 2022 அக்டோபரில் 100 ரூபாய் 1,000 ஆனது. ரசீது இல்லாமல் கைமாறும் தொகையும் கூடவே ஏறியது. சாவி அவர் கையில் இருக்கும்வரைதான் அந்தப் பேரம் நடக்கும்.

கொங்குத் தம்பி: 2022ல் நம் மாநிலத்தில் சாலை விபத்தில் போன உயிர் 17,000க்கும் மேல். இங்கே ஒருத்தர் சாவிக்கு அழுகிறார்!

மலைக்கோட்டை: உயிரைப் பற்றியா பேசுகிறீர்கள்? 2018 மார்ச்சில் திருச்சி பக்கம் துவாக்குடியில் ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன தம்பதியை ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் பைக்கை உதைத்தார். விழுந்ததில் மனைவி செத்துப்போனார். தஞ்சை ரோட்டில் ஆயிரக்கணக்கில் மக்கள் உட்கார்ந்தார்கள், அவர்கள் மேல் தடியடி. எங்கள் ஊரில் இதை யாரும் மறக்கவில்லை.

ஏட்டு மகன்: அந்த இன்ஸ்பெக்டரைக் கைது செய்தார்களே, அதை ஏன் சொல்லவில்லை? ஒருத்தர் செய்ததற்கு மொத்தக் காக்கியையும் திட்டுவீர்களா?

தஞ்சை செல்வி: பள்ளிக்கூட நேரம், பின்னால் பிள்ளை. என் அக்காவிடம் சாவியைப் பிடுங்கி ஓரமாக நிற்க வைத்தார்கள். ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் போனில் அரசு ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் காட்டியும் "ஒரிஜினல் எங்கே?" என்றார்கள். டிஜிலாக்கர் செல்லும் என்று 2018லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

கொங்குத் தம்பி: உங்க அக்கா ஹெல்மெட் போட்டிருந்தாங்களா, அதைச் சொல்லுங்க முதல்ல.

தஞ்சை செல்வி: போட்டிருந்தாள். பிள்ளைக்கும் போட்டிருந்தாள். பொம்பளை பேசினால் உங்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஏட்டு மகன்: சாவி எடுக்காமல் எப்படி நிறுத்துவது? அதற்குப் பதில் வரவே இல்லை.

மலைக்கோட்டை: நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து இ-சலான் அனுப்புங்கள். கேமரா இருக்கிறது, கையில் மிஷின் இருக்கிறது. சாவி எதற்கு? பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், 207 தவிர.

ஏட்டு மகன்: போன மாசம் டோல்கேட் பற்றி இங்கே நடந்த வாக்குவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தை இங்கே காட்டுகிறீர்கள்.

மலைக்கோட்டை: அந்த வாக்குவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடிப்போனது நீங்கள். பிரிவு எண்?

கொங்குத் தம்பி: திருச்சிக்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் மறியல்தான்.

மலைக்கோட்டை: ஊரை இழுத்தீர்கள் இல்லையா, இருங்கள், வருகிறேன்.