ஓடை மாசை அறியப் பாசிகள் போதுமா?

கேள்வி:
எங்கள் மாணவர் குழு ஓர் ஓடை நீரை மூன்று முறை சோதித்தும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைவாகவே இருந்தன. ஆனால் கற்களின்மேல் கருநீலப் படலம் வழுவழுவென்று படர்ந்து, நாற்றமும் வீசுகிறது. பாசிகளைக் கொண்டு மாசைக் கண்டறிய இயலுமா?

மறுமொழி 1:
இயலும். வேதிச் சோதனை, நீரை மொண்ட அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். கல்லைப் பற்றி வாழும் பாசியோ இடம்பெயர முடியாததால், கடந்த சில வாரங்களாக ஓடிய நீரின் தாக்கத்தைத் தன்னுள் கொண்டிருக்கும். அந்தப் படலமே நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளை உறிஞ்சி, உங்கள் அளவீட்டைக் குறைத்திருக்கவும் கூடும். பாமர் என்ற ஆய்வாளர் 1969-இல் வகுத்த குறியீட்டில் மாசைத் தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. யூக்ளினா, ஆசிலட்டோரியா இரண்டுக்கும் 5. மாதிரியில் காணும் பேரினங்களின் மதிப்பெண் கூட்டுத்தொகை 20 அல்லது அதற்கு மேல் என்றால் கரிம மாசு (சாக்கடைக் கழிவு போன்றது) மிகுதி.

மறுமொழி 2:
மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மாசு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும், வெயிலும் நீரோட்டமும் ஒத்த பகுதிகளில், ஐந்து கற்களையாவது எடுத்துப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, அந்தக் கலங்கல் நீர் வெளிர்த் தேநீர் நிறம் பெறும்வரை பாசியைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலைச் சேருங்கள். டயட்டம்கள் எனும் ஒருசெல் பாசிகளையும் விட்டுவிடாதீர்கள், அவற்றின் சிலிக்கா ஓட்டிலுள்ள நுண்கோடுகளைக் கொண்டு சிற்றினம்வரை பிரித்தறியலாம்.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை: பாமர் குறியீடு கரிம மாசுக்கானது. உலோகமோ களைக்கொல்லியோ கலந்திருப்பதாக ஐயம் எழுந்தால், ஆய்வகத்தில் வளர்த்த பசும்பாசியை அந்த நீரில் இட்டு, 72 மணி நேர வளர்ச்சியைத் தூய வளர்ப்புக் கரைசலில் வளர்ந்ததோடு ஒப்பிடுங்கள்.