லெ ஆவ்ரில் நல்ல கல்வதோஸ் (ஆப்பிள் பிராந்தி) விற்கும் கடை தெரியுமா?

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு வரும் சனிக்கிழமை 70 வயது நிறைகிறது. சொந்த ஊர் பிரான்சின் நார்மண்டியில் டொம்ஃப்ரோன் பக்கம். ஊர்ச் சரக்கைப் பற்றிப் பேசும்போது காலிக் கோப்பையைக்கூட உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு அந்த ஊர் கல்வதோஸ் ஒரு புட்டி கொடுக்க ஆசை. நான்கு நாளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

எனக்கு வேண்டியது லேபிளில் 'டொம்ஃப்ரோந்தே' என்று போட்டது. அதில் ஆப்பிளோடு குறைந்தது 30 சதவீதம் பேரிக்காய் சேரும், 3 வருடமாவது ஓக் பீப்பாயில் இருக்கும். 10 வருடப் பழசு என்றால் ரொம்ப நல்லது. 70 சென்டிலிட்டர், 80 யூரோ வரை கொடுக்கலாம்.

சூப்பர் மார்க்கெட்டில் வெறும் 'கல்வதோஸ்' என்று போட்ட இளசுதான் இருக்கிறது. ஆல் சாந்த்ரால் சந்தைப் பக்கத்துக் கடையில் 'பேய் தோஜ்' (Pays d'Auge) என்ற வேறொரு பகுதிக் கல்வதோஸை எடுத்துக் காட்டினார்கள். நல்ல சரக்குதான், ஆனால் அது இரண்டு முறை வடித்தது, ருசியே வேறு. இன்னொரு கடைக்குத் திங்களன்று போனேன், பூட்டியிருந்தது. ஆன்லைனில் வாங்கினால் வந்து சேர எட்டு நாளாம்.

என்னிடம் கார் இல்லை. டிராம், பஸ்ஸில் போகலாம். அப்புறம், தேவைப்பட்டால் ரயிலேறி ரூவானுக்கும் போய் வருவேன்.

வெள்ளிக்கிழமைக்குள் டொம்ஃப்ரோந்தே கல்வதோஸ் கையில் கிடைக்கிற கடை லெ ஆவ்ரிலோ ரூவானிலோ எங்கே இருக்கிறது?