‘கர்ணன்’ படமும் கொடியங்குளமும்: வருடம் முக்கியமா, இல்லையா?

கயத்தாற்றான்: "கர்ணன் கற்பனைக் கதை, அதில் போய் வருடம் பார்ப்பது சின்னப்புத்தி" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் மக்கள் வாழும் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது 1995 ஆகஸ்ட் 31. முதல்வர் ஜெயலலிதா. அதை வைத்து மாரி செல்வராஜ் எடுத்து 2021 ஏப்ரலில் வந்த படமோ "1997 முற்பகுதி" என்று போட்டது. 1996 மே மாதமே ஆட்சி மாறி திமுக வந்துவிட்டது. பழி யார் தலையில் விழும்?

திரைக்கிறுக்கன்: அந்த ஒருவர் நான்தான் அண்ணாச்சி, பேர் சொல்லியே திட்டலாம். படத்தில் ஊர் பொடியன்குளம். கொடியங்குளம் என்று எங்கே போட்டார்கள்?

கயத்தாற்றான்: முதல் எழுத்தை மாற்றிவிட்டால் வேறு ஊரா? சுமார் 600 போலீஸ் போய் டிவி, ஃபேன், தையல் மெஷின் வரை உடைத்தார்கள். குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அடியும் உடைப்பும் அங்கிருந்து வேண்டும், வருடம் மட்டும் வேண்டாமா?

கரிசல்காரி: வலிப்பு வந்து நடுரோட்டில் கிடந்து சாகிற பிள்ளையைத் தாண்டி பஸ் போகுமே, அப்போது யாருக்கு வருடம் ஞாபகம் வந்தது? என் மகனுக்கு 19 வயது. கொடியங்குளம் என்ற பேரையே படம் பார்த்த பிறகுதான் கேள்விப்பட்டான். அதுவரை எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்குச் சொல்லவில்லை.

கயத்தாற்றான்: அதைத்தான் தாயி நானும் சொல்கிறேன். விசாரணைக் கமிஷன் அறிக்கையை அவன் தேடிப் படிக்கப் போவதில்லை. அவனுக்கு இனி இந்தப் படம்தான் சாட்சி. சாட்சி தேதியை மாற்றிச் சொல்லலாமா?

திரைக்கிறுக்கன்: திமுகவின் உதயநிதி எடுத்துச் சொன்னதும் "90களின் பிற்பகுதி" என்று மாற்றிவிட்டார்களே. 90லிருந்து 94 முற்பாதி, 95லிருந்து 99 பிற்பாதி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

கயத்தாற்றான்: கணக்கு வாத்தியார் வேலை வேண்டாம் தம்பி. 1995 என்று நாலு எண் எழுத என்ன தடை?

தென்பொதிகை: ஆட்சிக் கணக்கு பேசுகிறவர்கள் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் அடித்துத் தாமிரபரணியில் 17 பேர் செத்தபோது யார் ஆட்சி என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கயத்தாற்றான்: கலைஞர் ஆட்சி. நான் மறைக்கவில்லையே? அதை 2001 என்று ஒருவன் படம் எடுத்தால் நீங்கள் விடுவீர்களா?

திரைக்கிறுக்கன்: ‘அசுரன்’ இழையிலும் இதே பாட்டுதான். அன்று என்னைத் துதிபாடி என்றீர்கள், நான் மறக்கவில்லை.

கயத்தாற்றான்: இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கரிசல்காரி: ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். 1995 ஜூலையில் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடந்த தகராறிலிருந்துதான் கொடியங்குளம் வரை போன அந்தச் சாதிக் கலவரம் கிளம்பியது. அதைப் பற்றி ஒருத்தராவது பேசினீர்களா?

திரைக்கிறுக்கன்: டூட்டிக்கு நேரமாச்சு. ராத்திரி வந்து பதில் போடுகிறேன்.

கயத்தாற்றான்: வாருங்கள். அந்த 97 எங்கிருந்து வந்தது என்பதற்கும் சேர்த்துப் பதில் கொண்டுவாருங்கள்.